இரவல் தொண்டை

சிரிப்பு ஒன்று இருக்கிறது, அதில் சந்தேகமே வேண்டாம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்காரவைக்கிற சிரிப்பு. ஆனால் அது மலை உச்சியில், அந்த வெள்ளைக் கோபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. கைலாஷோ இன்னும் அடிவாரத்தில், இரும்புக் கம்பித் தடுப்புக்குள் வரிசையில் நின்றுகொண்டிருக்கிறான். அதனால் பொறுக்கத்தான் வேண்டும். யாத்திரை பஸ்ஸின் கடைசி சீட்டுக் கூட்டத்திடம் காலையில் அவன் அதைத்தான் சொன்னான், மேனேஜர் தாணுவின் நாகர்கோவில் குரலில், இல்லாத மைக்கை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு. "மக்களே, இன்னைக்கு மலைக்கு மேல ஒரு கூத்து உண்டு. எல்லாரும் போனைத் தயாரா வச்சுக்கிடணும். என்ன கூத்துன்னு இப்பம் கேக்கப்பிடாது." கேட்டார்கள், கெஞ்சினார்கள், ஒரு அக்கா முறுக்குப் பொட்டலத்தையே நீட்டினாள். அவன் முறுக்கைத் தின்றானே தவிர விஷயத்தைச் சொல்லவில்லை. சொல்லாமல் வைத்திருப்பதில்தான் பாதி ருசி என்று அப்போது தோன்றியது. அந்தக் கூட்டம் முன்னாலேயே ஏறி மேலே போய்விட்டது, இந்நேரம் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். இங்கே அவனுக்கு நேர் முன்னால் பெரியப்பாவின் முதுகு நிற்கிறது. சலவைச் சட்டை. பிடரியில் முடி வெட்டிய இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிகிறது. விடிந்தும் விடியாமல் சத்திரத்துக்கு எதிரே மரத்தடியில் நாற்காலி போட்டிருந்த சவரக்காரரிடம் போய் உட்கார்ந்து, பாஷை தெரியாமல் கையாலேயே பேசி, வெட்டிக்கொண்டு வந்த முடி. பெரியம்மா போன பிறகு ஒரு நாளும் ஒழுங்காகச் சவரம் செய்துகொள்ளாத ஆவுடையப்பன் இன்றைக்கு ஏன் இப்படி மாப்பிள்ளை மாதிரிக் கிளம்பினார் என்று அம்மாவுக்கே ஆச்சரியம். கைலாஷுக்குத் தெரியும். நயினார் அண்ணனுக்காக. பேசாமல் போய்விட்ட மகன் மலை மேல் வந்து நிற்கிறான் என்று நம்பிப் போகிறார். மேலே நயினார் அண்ணன் இல்லை. அவன் புனேயில் இருக்கிறான், இப்படி ஒரு மலை இருப்பதே அவனுக்குத் தெரியாது. மேல நிக்கேன், வாங்க என்று நேற்று சாயங்காலம் போனில் சொன்னது கைலாஷின் தொண்டை.

சொல்லிவிடலாம். வரிசை நகர்வதற்குள் சொல்லிவிடலாம். பெரியப்பா, நேத்து போன்ல பேசினது நான். இவ்வளவுதானே, இதில் என்ன இருக்கிறது. வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தான், நன்றாகத்தான் வந்தது. "பெரியப்பா" என்று ஆரம்பித்தான். அவர் திரும்பினார். பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் அடுத்து நம் பேரைத்தான் வாசிக்கப்போகிறார்கள் என்று தெரிந்த பையனின் முகம். அந்த முகத்துக்கு எதிரே வாக்கியம் கழன்றுகொண்டது, அதற்குப் பதிலாகத் தாணுவின் குரல் தானாக வெளியே வந்து விழுந்தது. "மக்களே, புத்தர் மலைக்கு மேல போனா செய்ய வேண்டிய காரியம் நாலு. ஒண்ணு, கோபுரத்த வலமா சுத்தணும், இடமா சுத்தினா பாவம். ரெண்டு, நாலு தெசையிலயும் தங்கப் புத்தர் உண்டு, பொறந்தவரு, ஞானம் வாங்கினவரு, உபதேசம் பண்ணினவரு, கண்ண மூடிப் படுத்தவரு, வரிச மாறாம கும்பிடணும். மூணு, பக்கத்துக் கோயில்ல ஜப்பான் சாமியார் முரசு அடிப்பாரு, சத்தம் காட்டாம இருந்து கேக்கணும். நாலு, கொரங்குக்கிட்ட சாப்பாட்டக் காட்டப்பிடாது, காட்டினா சாப்பாடும் போவும் கையும் போவும்." பெரியப்பா சிரித்தார். முன்னெல்லாம் கைலாஷ் இப்படிப் பேசினால் "மூதி, வாய மூடு" என்பதுதான் அவர் தரும் பரிசு. இன்றைக்குச் சிரித்தார். "ஏல, தாணு காதுல விழுந்துதுன்னா நம்ம ரெண்டு பேரயும் இங்கனயே விட்டுட்டுப் போயிருவான்" என்றார். நம்ம ரெண்டு பேரயும். அவன் இன்னொரு தடவை முயன்றான். இந்தத் தடவை யாத்திரைச் சமையல்காரர் பிச்சையாவின் குரல் வந்தது, "அண்ணாச்சி, உப்பு கொஞ்சம் தூக்கல், அம்புட்டுதான்" என்று, சம்பந்தமே இல்லாமல். பெரியப்பா அதற்கும் சிரித்துவிட்டு, சிரிப்பு அடங்குவதற்குள் மேலே போகிற கம்பியைப் பார்த்தார். தடித்த இரும்புக் கயிறு. அதில் ஆளுக்கு ஒரு நாற்காலி, ஒற்றை நாற்காலி, நிற்காமல் ஊஞ்சல் மாதிரி வந்துகொண்டே இருக்கிறது. "இதுல பெல்ட்டுகில்ட்டு ஒண்ணும் கெடையாதால?" "குறுக்க ஒரு கம்பி இருக்கு பெரியப்பா." "அது போதுமால?" ஊரில் அவருடைய உரக்கடையில் மேல்தட்டு மூட்டையை எடுக்கக்கூட அவர் ஏணியில் ஏறமாட்டார். நயினார் அண்ணன் இருந்தவரை அவன்தான் ஏறுவான், அவன் புனேக்குப் போன பிறகு மேல்தட்டு காலியாகவே கிடக்கிறது, சரக்கெல்லாம் இடுப்பு உயரத்துக்கு இறங்கிவிட்டது. ஏணிக்குப் பயந்த மனுஷன் இந்தத் தொங்கல் நாற்காலிக்கு வரிசையில் நிற்கிறார். அம்மாகூடத் தடுத்துப் பார்த்தாள். "எனக்கு இந்தச் சமாச்சாரமே ஆகாது, நான் கீழயே இருக்கேன், நீங்களும் இருங்க அத்தான்" என்றாள். "நான் போணும் கோமதி" என்றார். போகலாம் என்றிருக்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. போணும்.

காக்கிச் சட்டைக்காரன் ஒருத்தன் பெரியப்பாவின் தோளைப் பிடித்துத் திருப்பினான், இன்னொருத்தன் நாற்காலியைப் பிடித்து அவர் முழங்காலுக்குப் பின்னால் இடித்தான், கம்பியைச் சாத்தினான், பெரியப்பா ஒரு சத்தமும் இல்லாமல் ஆகாயத்துக்குப் போனார். செருப்பு மட்டும் ஒரு கணம் காலை விட்டுக் கழலப் பார்த்து, பெருவிரலில் தொங்கி, மறுபடி ஒட்டிக்கொண்டது. அடுத்த நாற்காலி கைலாஷை அள்ளியது. தரை நழுவியது. இந்த இடத்தில்தான் கூவ வேண்டும் என்று திட்டம், ரயில் ஹாரன் மாதிரி ஒரு கூவல், பஸ்ஸில் ஒத்திகையெல்லாம் பார்த்திருந்தான். கூவவில்லை. கீழே முள்செடியும் பாறையும் பின்னால் போயின, யாரோ தவறவிட்ட தொப்பி ஒன்று செடியில் மாட்டியிருந்தது, ஒற்றைச் செருப்புகள் கிடந்தன, ஒரு குரங்கு பாறைமேல் உட்கார்ந்து மேலே போகிறவர்களின் மடியை ஒவ்வொன்றாக மேய்ந்துகொண்டிருந்தது. முன்னால், கூப்பிடு தூரத்தில், பெரியப்பாவின் முதுகு. மனுஷரை இப்படி ஒண்டியாக உட்காரவைத்து, இறங்கவும் முடியாமல் பேசவும் முடியாமல் ஒரே ஒரு முதுகைப் பார்த்துக்கொண்டே போ என்று அனுப்பியது யார் செய்த யோசனை. பஸ் என்றால் யாராவது பேசுவார்கள், அவன் உடனே அந்தக் குரலை எடுத்துக்கொண்டு அதற்குள் போய் ஒளிந்துகொள்வான். இங்கே காற்றுதான் பேசுகிறது, இரும்புத் தூண் வரும்போது கயிறு கடகடவென்கிறது. கடகட என்று அவன் வாயும் சொன்னது. சும்மா இரு என்று வாயைக் கடித்துக்கொண்டான்.

எல்லாம் கயாவில் ஆரம்பித்தது. கயாவுக்குப் போனால் பிண்டம் வைத்த கையோடு அந்த ஆலமரத்தடியில் ஒரு காயையும் ஒரு பழத்தையும் விட்டுவிட்டு வரவேண்டும், ஆயுசுக்கும் அதைத் தொடக்கூடாது, ஆசையை விடுவதாகக் கணக்கு. அம்மா கொத்தவரங்காயை விட்டாள். கொத்தவரங்காய் அவளுக்கு எப்போதுமே பிடிக்காது. பழத்துக்கு லிச்சி என்றாள், அம்பாசமுத்திரத்தில் யார் லிச்சி தின்கிறார்கள். அவன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். பெரியப்பாவின் முறை வந்தது. பெரியம்மாவுக்குப் பிண்டம் வைத்த ஈரக்கையோடு உட்கார்ந்திருந்தார். எள்ளும் மாவும் விரலிடுக்கில் இருந்தது. என்ன விடுறீங்க அண்ணாச்சி என்று தாணு கேட்டான். "கோபத்த விட்டுட்டேன்னு சொல்லு" என்றார். தாணு அதை அப்படியே ஹிந்தியில் சொன்னான். பண்டா, பிண்டம் வைத்துக்கொடுத்த அந்தக் குண்டுப் புரோகிதர், வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு ரொம்பச் சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார், தாணு அதைத் தமிழில் திருப்பினான். "அது காயா, பழமான்னு கேக்காரு." மரத்தடியே சிரித்தது. கைலாஷ் எல்லாரையும் விட உரக்கச் சிரித்தான். பெரியப்பா மட்டும் பதிலுக்காகக் காத்திருக்கிற மாதிரிப் பண்டாவையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் பூசணிக்காய், கொய்யாப்பழம் என்று ஏதோ சொல்லி எழுந்து வந்தார். சாயங்காலம் பஸ் திரும்பும்போது கடைசி சீட்டில் அதே காட்சியைக் கைலாஷ் நடித்துக் காட்டினான், பண்டாவும் அவனே, தாணுவும் அவனே, பெரியப்பாவும் அவனே. கைதட்டு. "நெசம்மாவே அண்ணாச்சிக்குக் கோபம் போயிருக்குமாடே?" என்று யாரோ கேட்டார்கள். சும்மா கேட்டதுதான். அது அவன் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. போயிருக்குமா. சோதிக்கலாமே. நயினார் அண்ணன் பேரைச் சொன்னால் போதும், அவருக்கு நெற்றி நரம்பு புடைக்கும். போனில் அண்ணன் மாதிரி ஒரு வார்த்தை, அவர் நாலு கெட்ட வார்த்தை, ஆஹா விட்ட கோபம் திரும்பி வந்துவிட்டது மக்களே, பண்டாவுக்குச் சொல்லி அனுப்புங்கள், அது காயும் இல்லை பழமும் இல்லை, வாழைத்தண்டு. அவ்வளவுதான் யோசித்தான். அதற்கு மேல் யோசித்திருந்தால், இல்லை, யோசித்திருக்க மாட்டான், அவன் என்றைக்கு யோசித்தான்.

நயினார் அண்ணன் குரலுக்கு அவன் பாடுபடவே வேண்டியதில்லை. மற்றவர்கள் குரல் என்றால் தேட வேண்டும், தாணுவுக்கு மூக்கை இறுக்கணும், பிச்சையாவுக்கு நாக்கை அடியில் தள்ளணும். போன வருஷம் தொண்டை உடைந்து கரகரவென்று ஆகி, ஒரு நாள் சரியானபோது, அம்மா அடுப்படியிலிருந்து "நயினாரு, எப்பம்ய்யா வந்த?" என்று ஓடி வந்தாள். வந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். அது குடும்பத் தொண்டை. அண்ணன் அதை எடுத்துக்கொண்டு புனேக்குப் போனான், இங்கே இன்னொன்று முளைத்துவிட்டது. நேற்று பிச்சையாவிடம் "அண்ணே, என் போன்ல காசு தீந்துட்டு, ஒரு நிமிசம் தாங்க" என்று புளுகிப் போனை வாங்கிக்கொண்டு சத்திரத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போனான். மணி அடித்தது. எடுத்தார். "எப்பா, நாந்தான்." அதற்குள்ளேயே சிரிப்பு முட்டியது, உதட்டை மடித்துக்கொண்டான். இப்போது வரும், கெட்ட வார்த்தை வரும். ஒன்றும் வரவில்லை. மூச்சுச் சத்தம் கேட்டது. அப்புறம், "எய்யா" என்று கேட்டது. அந்த மாதிரி ஒரு எய்யாவை அவன் அவர் வாயிலிருந்து கேட்டதே இல்லை. "எய்யா, சாப்பிட்டியால?" சாப்பிட்டேம்ப்பா என்று சொல்லிவிட்டான். பல்லி வாலை விட்டு ஓடுகிற மாதிரி அப்போதே கத்தரித்திருக்க வேண்டும். "எங்கல இருக்க?" பாட்னால, கம்பெனி வேலையா. "நாங்க கயால இருக்கோம்ல, உங்கம்மைக்கு இன்னைக்குத்தான்." தெரியும்ப்பா. தெரியும்ப்பா என்று எப்படிச் சொன்னான், அந்தக் குரல் அவனைக் கேட்காமல் தானே பேசிக்கொண்டு போனது. நாளைக்கு எங்கப்பா போறீங்க. "ஏதோ புத்தர் மலைங்கான் தாணு." நான் அங்கன வாரேன், மேல வெள்ளைக் கோபுரத்துக்கிட்ட நிக்கேன், வாங்க. வைத்துவிடலாம் என்று சொன்னதுதான் அது, வைப்பதற்கு ஒரு வழி வேண்டுமே. வைப்பதற்குள் அவர் பேசிவிட்டார். "நயினாரு, வச்சிராத. அன்னைக்குச் சாவு வீட்ல நான் சொன்னது தப்புல. ஊரு முன்னால சொன்னேன். உன்னால சாகல அவ. எனக்கு யாரயாவது ஏசணும் போல இருந்துது, நீ முன்னால நின்ன." கைலாஷ் போனை அணைத்துவிட்டான்.

அதுதான் இறங்கமாட்டேன் என்கிறது. பொய் சொன்னதைக்கூட விட்டுவிடலாம், பொய் சொல்லாமல் எந்த வாரம் போயிருக்கிறது. ஆனால் அந்த வார்த்தை. அது நயினார் அண்ணனுக்காக அவர் வைத்திருந்த வார்த்தை. பெரியம்மாவைப் பந்தலில் கிடத்தியிருந்தபோது, "ஒன்ன நெனச்சு நெனச்சுத்தாம்ல அவ போனா" என்று எல்லார் முன்னாலும் சொன்ன வாய், அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள எத்தனை நாள் ஒத்திகை பார்த்ததோ. அண்ணன் அன்றைக்குக் கொள்ளி வைத்தான், பதினாறாம் நாள் முடிந்ததும் பையைத் தூக்கினான், போன் நம்பரை மாற்றினான். அவன் காதில் விழ வேண்டியதைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று இவன் வாங்கிக்கொண்டான். கல்யாண வீட்டில் யாருக்கோ வைத்த இலையில் உட்கார்ந்து தின்றுவிட்ட மாதிரி. திருப்பிக் கொடுக்கவும் முடியாது. நாளைக்கே நிஜமான அண்ணன் பேசினாலும், ஏமாந்த பிறகு, பெரியப்பா அதை இன்னொரு தடவை சொல்வாரா. ஒரு தடவை சொல்லவே பெரியம்மா சாக வேண்டியிருந்தது, கயாவுக்கு வரவேண்டியிருந்தது. தூண் வந்தது, கடகட. எதிர்ப்பக்கம் இறங்குகிற நாற்காலிகள் வந்தன. காவி போர்த்திய ஒரு பிக்கு கண்ணை மூடிக்கொண்டு, முழங்கைவரை சிவப்பு வளையல் போட்ட புதுப்பெண் ஒருத்தி வீல் வீலென்று கத்திக்கொண்டு, அவள் புருஷன் அடுத்த நாற்காலியில் அவளைப் படம் எடுத்துக்கொண்டு. பெரியப்பா ஒவ்வொருத்தர் முகத்தையும் பார்க்கிறார். மகன் காத்திருந்து அலுத்து இறங்கிவிடுவானோ என்று பார்க்கிறார். பிக்குவின் முகத்தைக்கூட விடவில்லை.

காலையில் சமையல் வண்டிக்குப் பக்கத்தில் அவர் நின்றது ஞாபகம் வந்தது. கூட்டாஞ்சோறு செய்யச் சொல்லிப் பிச்சையாவிடம் நின்றுகொண்டிருந்தார். "இந்த ஊர்ல முருங்கக்கீரைக்கு நான் எங்க போவேன் அண்ணாச்சி?" "இருக்கிறதப் போடும்யா, வாசனை வந்தாப் போதும்." "யாருக்கு அண்ணாச்சி, திடீர்னு?" "எனக்குத்தான். நாக்கு கேக்குது." பொய் சொல்லத் தெரியாத மனுஷன், காது சிவந்துபோய் நின்றார். நின்றபடியே போனை எடுத்து நேற்று வந்த நம்பருக்கு அடித்தார். கைலாஷ் பல் துலக்கிக்கொண்டிருந்தான், நுரையை விழுங்கிவிட்டான். அந்த நம்பருக்குச் சொந்தக்காரன் அவருக்கு ஒரு கை தூரத்தில் வெங்காயம் அரிந்துகொண்டிருக்கிறான். அடிக்கப்போகிறது, பிச்சையாவின் இடுப்பில் பக்திப் பாட்டு அடிக்கப்போகிறது. அடிக்கவில்லை. போன் பஸ்ஸுக்குள் சார்ஜில் கிடந்தது. பெரியப்பா காதில் வைத்துக்கொண்டு கடைசி மணிவரை கேட்டார். "எடுக்க மாட்டேங்கான். பஸ் ஏறியிருப்பான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அப்போது கைலாஷுக்கு வந்தது நிம்மதிதான். தப்பித்தோம் என்ற நிம்மதி. அந்தக் கூட்டாஞ்சோறு டப்பாவோடுதான் அவர் முன்னால் போய்க்கொண்டிருக்கிறார், துணிப்பையைத் துண்டுக்குள் மறைத்து மடியில் வைத்திருக்கிறார், குரங்குக்குத் தெரியக்கூடாதென்று.

மேலே என்ன நடக்கும். நேற்று யோசித்தபடி என்றால் இவன் கூட்டத்துக்குள் நழுவி, கோபுரத்துக்குப் பின்னால் போய், எப்பா என்று ஒரு கூப்பாடு போடுவான். பெரியப்பா ஓடி வருவார், இவன் தலையை நீட்டி ஈ என்று இளிப்பான், கடைசி சீட்டு விழுந்து விழுந்து சிரிக்கும். இதில் சிரிப்பு எங்கே இருந்தது. நேற்று இருந்தது, கையால் தொட்டுப் பார்த்தானே. சரி, கூப்பிடாமலே விட்டுவிட்டால்? அது இன்னும் மோசம். கோபுரத்தை வலமாகச் சுத்தணும். எல்லாரும் ஒரே பக்கம்தான் நடப்பார்கள், எதிரே யாரும் வரமாட்டார்கள். அதனால் மகன் முன்னால் போய்க்கொண்டிருக்கிறான், அடுத்த வளைவில் இருக்கிறான் என்று பெரியப்பா நினைப்பார். முன்னால் போகிற முதுகையெல்லாம் எட்டி எட்டிப் பார்ப்பார். பிறந்த புத்தரைத் தாண்டி, ஞானம் வாங்கினவரைத் தாண்டி, படுத்திருக்கிறவரைத் தாண்டி, மறுபடி பிறந்தவரிடம் வருவார். வேகமாக நடந்தால் அவனைப் பிடித்துவிடலாம் என்று வேகமாக நடப்பார். கோபுரம் உருண்டை, முடிவே கிடையாது. பஸ்ஸில் வந்த கடைசி ஆள் மலை இறங்கும்வரை சுத்துவார். இடமாகச் சுத்தினால் பாவம் என்று தாணு சொல்லியிருக்கிறான், இல்லாவிட்டால் திரும்பி நடந்தாவது பார்ப்பார். ஜப்பான் சாமியார் முரசு அடிப்பார். டம். டம். அவன் வாய் டம் என்றது. கடவுளே, இந்த வாயை யாராவது வாங்கிக்கொள்ளுங்கள், கயாவில் விட்டிருக்க வேண்டியது கொத்தவரங்காயும் லிச்சியும் கிடையாது, இதைத்தான்.

நிஜமான அண்ணனைக் கூப்பிட்டால் என்ன. அம்மாவிடம் புது நம்பர் இருக்கிறது, "பால்காரர்" என்று பேர் போட்டு வைத்திருக்கிறாள், அவன் எப்போதோ பார்த்துத் தன் போனில் ஏற்றிக்கொண்டான். அண்ணே, ஒரு பெரிய தப்பு பண்ணிட்டேன், இப்பமே பெரியப்பாவுக்குப் போன் போட்டு வர முடியலன்னு ஒரு வார்த்தை சொல்லு. அப்படிச் சொல்லிவிட்டால் மேலே யாரும் இல்லாதது வெறும் வர முடியாமல் போனதாக ஆகிவிடும். எவ்வளவு சின்ன விஷயம். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பையிலிருந்து போனை உருவினான், கீழே பாறை ஒன்று வாயைத் திறந்துகொண்டு கிடந்தது, போன் விழுந்தால் தூள். அடித்தான். ஒரு பெண் ஹிந்தியில் ஏதோ சொன்னாள், இனிமையாக, அவசரமே இல்லாமல். சிக்னல் இல்லை என்பதாக இருக்கும், அணைத்து வைத்திருக்கிறான் என்பதாகவும் இருக்கும். அவள் முடிக்குமுன் அவன் வாய் அவளோடு சேர்ந்து சொல்லிக்கொண்டிருந்தது, அதே இனிமையோடு. அழுகை வந்தது. அழுகைக்காவது சொந்தக் குரல் இருக்குமா என்று பார்த்தான், அதற்குள் நாற்காலி ஒரு குலுக்கு குலுக்கி நின்றது.

நின்றால் ஒன்றும் இல்லை. கீழே யாராவது வயசான பொம்பிளை ஏறத் தடுமாறினால் ஒரு நிமிஷம் நிறுத்துவார்கள் என்று தாணு பஸ்ஸிலேயே சொல்லியிருந்தான். கயிறு நின்றது, நாற்காலிகள் நிற்கவில்லை, முன்னும் பின்னும் ஆடின. எல்லாச் சத்தமும் போய்க் காற்று மட்டும் இருந்தது. முன்னால் பெரியப்பா இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்திருந்தார். முதுகு ஏறி இறங்கியது. அவருக்குக் கீழே ஒரு பெரிய பாறை மேடாக எழும்பி வந்திருந்தது, மேலிருந்து பார்த்தால் காலை நீட்டினால் தொட்டுவிடலாம் போலத் தெரியும், ஆனால் இரண்டு ஆள் உயரம். அவர் அதையே பார்க்கிறார் என்பது கைலாஷுக்குப் புரிந்தது. அப்புறம் அவர் கை கம்பியை அழுத்தாமல் தூக்கப் பார்க்கிறது என்பது புரிந்தது. நின்றுபோனால் மேலே போக முடியாது, மேலே ஒருத்தன் காத்திருக்கிறான், இறங்கி நடந்தாவது போகவேண்டும், அதுதான் அந்தக் கையில் இருந்தது. கம்பி பாதி எழும்பியது. துணிப்பையை ஒரு கைக்கு மாற்றினார். கைலாஷ் கத்தினான். "மக்களே, யாரும் எறங்கப்பிடாது!" தாணு. இந்த நேரத்திலும் தாணு. "ஏல, வெளையாடாத, சும்மா இரி" என்று பெரியப்பா திரும்பாமலே சொன்னார். "அண்ணாச்சி, கம்பிய விடுங்க, உக்காருங்க, அம்புட்டுதான்!" பிச்சையா. அவர் காதிலேயே வாங்கவில்லை. இடுப்பை முன்னால் நகர்த்தினார், ஒரு கால் பாறையைத் தேடிக் காற்றில் துழாவியது. அப்போது அது வந்தது. அவன் எடுக்கவில்லை, தேடவில்லை, அது இருந்த இடத்திலிருந்து எழுந்து வந்தது.

"எப்பா! கம்பியத் தூக்காதீங்க! பின்னால சாஞ்சு உக்காருங்கப்பா, இப்பம் கிளம்பிரும். நான் இருக்கேன்லா!"

கால் நின்றது. பெரியப்பா பின்னால் சாய்ந்தார், சொன்ன சொல்லுக்குக் கீழ்ப்படிகிற பையன் மாதிரி. கம்பி மடியில் இறங்கியது.

"எய்யா! நயினாரு! எங்கல இருக்க?"

அவர் மேலே பார்த்தார். வெள்ளைக் கோபுரத்தின் உச்சி மட்டும் மரத்துக்கு மேல் தெரிந்தது. எதிரே நின்றுபோன நாற்காலிகளைப் பார்த்தார். ஒன்றில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு சீனக் கிழவி. அதற்கு அடுத்ததில் மடியில் பையோடு ஒரு தாடிக்காரன். அதற்கும் அடுத்தது காலி. காலி நாற்காலியைக் கொஞ்ச நேரம் பார்த்தார், அதில் உட்கார்ந்திருந்தவன் எங்கே போனான் என்பது மாதிரி. "எங்கடே? எனக்குத் தெரியலயே" என்றார், சிரித்துக்கொண்டே, கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு. உயரத்தை அவர் சுத்தமாக மறந்துவிட்டிருந்தார். அப்புறம் அந்தக் குரல் வந்த பக்கம் எது என்று யோசித்தார் போல. கழுத்தைத் திருப்பினார், கழுத்து போதவில்லை, தோளையும் திருப்பினார், நாற்காலி கிறீச்சென்றது. கைலாஷைப் பார்த்தார். அவனுக்குப் பின்னால் இருந்த நாற்காலியைப் பார்த்தார், அதில் ஒரு வடக்கத்திப் பையன் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். மறுபடி கைலாஷைப் பார்த்தார். சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது, அதை எடுக்க அவருக்கு இன்னும் தோன்றவில்லை.

"நீ கேட்டியால? நயினாரு கூப்பிட்டாம்லா, கேட்டியா?"

எந்தக் குரலும் வரவில்லை. தாணு வரவில்லை, பிச்சையா வரவில்லை, ஹிந்திக்காரி வரவில்லை. வாய் திறந்தபடி இருந்தது, மூட முடியவில்லை. பெரியப்பாவின் கண் அவன் கண்ணிலிருந்து இறங்கி அந்த வாயில் வந்து நின்றது.

"பெரியப்பா" என்றான்.

யாரைப் போலவும் பேசாமல், சும்மாதான் சொன்னான். ஆனால் அந்தச் சும்மாவும் அதே குரலாகத்தான் இருந்தது. அவனுக்கே கேட்டது.

பெரியப்பா அசையவில்லை. அவர் உதடு மட்டும் ஏதோ ஒன்றை மெல்ல மெல்லத் திரும்பச் சொல்லிப் பார்க்கிற மாதிரி அசைந்தது. முகத்திலிருந்த சிரிப்பு எப்போது போனது என்று கைலாஷ் பார்க்கவில்லை, பார்த்தபோது அது இல்லை. கயிறு ஒரு இழுப்பு இழுத்தது, நாற்காலிகள் மறுபடி மேலே கிளம்பின. அவர் முன்னால் திரும்பிக்கொள்ளவில்லை. திரும்பியபடியே, மடியில் பையை அணைத்தபடியே போய்க்கொண்டிருந்தார்.

"அப்பம், மேல யாரும் இல்ல" என்றார்.